கோஜூரியூவின் குருவழி: சுவர்ப்படத்தில் இருப்பதும் இல்லாததும்

ஜூன் 12, காலை (கேள்வி)

எங்கள் கராத்தே டோஜோவின் (பயிற்சிக்கூடத்தின்) சுவரில் ஒரு வரைபடம் தொங்குகிறது. உச்சியில் போதிதர்மர், அவருக்குக் கீழே ஷாவோலின் மடம், அதற்குக் கீழே ரியூ ரியூ கோ, பிறகு ஹிகாவோன்னா கான்ரியோ, மியாகி சோஜுன், கடைசியாக எங்கள் மாஸ்டருடைய மாஸ்டர். ஆகவே நாங்கள் பயிலும் கோஜூரியூ என்னும் கராத்தே முறை காஞ்சிபுரத்தில் பிறந்து, ஒரு கண்ணிகூட அறுபடாமல் ஜப்பானின் ஒகினாவாவுக்குப் போய்ச் சேர்ந்த கலை என்று நான் சொல்கிறேன். மறுப்பவர்கள் சான்றோடு மறுக்கலாம்.

ஜூன் 12, இரவு

அந்தப் படத்தை நான் அறிவேன். நான் பயின்ற மொட்டை மாடிக் கொட்டகையிலும் அதுவேதான் தொங்கியது. பதினெட்டு ஆண்டுகள், வகுப்பு தொடங்கும்போது ஒருமுறையும் முடியும்போது ஒருமுறையும் அதன் முன் மண்டியிட்டு வணங்கியிருக்கிறேன். மழைக்காலத்தில் ஒழுகிய நீரால் ஷாவோலின் மடம் கரைந்து, போதிதர்மரின் தாடி நேராக ரியூ ரியூ கோவின் தலையில் இறங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

உச்சியிலிருந்தே தொடங்குகிறேன். போதிதர்மரைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு, லுவோயாங் நகரத்து மடங்களைப் பற்றி யாங் சுவான்ஷி 547-இல் எழுதியது. அதில் அவர் பாரசீகத்திலிருந்து வந்த துறவி. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 645-இல் டாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாற்றில்தான் அவர் தென்னிந்தியப் பிராமணர் ஆகிறார். 1004-இல் உருவான மற்றொரு தொகுப்பு அவரைத் தென்னிந்தியாவில் 'சியாங்ஜி' என்னும் நாட்டு மன்னனின் மூன்றாம் மகன் என்கிறது. அந்தச் சியாங்ஜியைக் காஞ்சி என்று படித்தது பிற்காலத்தவரின் ஊகம். ஊகம் சரியாகவே இருக்கலாம். ஆனால் இவற்றுள் ஒன்றிலும் அவர் யாரையும் நோக்கிக் கையை ஓங்கியதாக ஒரு வரியும் கிடையாது. தசைநாண்களை வலுவாக்கும் பயிற்சி நூல் ஒன்று அவர் பெயரில் உலவுகிறது. அது 1624-இல் எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டைக்கலை கற்பித்தார் என்ற கதை ஊரெங்கும் பரவியதற்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடராக வந்த ஒரு சீன நாவல் பெருங்காரணம். 1930-இல் டாங் ஹாவோ என்னும் சீன ஆய்வாளரே இதை அலசி, ஆதாரமற்றது என்று எழுதிவிட்டார். நம் ஊரில் 2011-இல் வந்த ஒரு திரைப்படத்துக்குப் பிறகு இதைச் சொல்பவன் துரோகியாகப் பார்க்கப்படுகிறான், பரவாயில்லை.

முதல் இரண்டு கட்டங்களை எடுத்துவிடுகிறேன். மிச்சமுள்ள பகுதிதான் உண்மையில் சுவையானது.

ஜூன் 14

ரியூ ரியூ கோ யார் என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் கடல்வழியைச் சொல்லியாக வேண்டும்.

இன்றைய ஒகினாவா அன்று ரியூக்கியூ என்னும் தனி அரசு. 1372 முதல் அது சீனப் பேரரசருக்குத் திறை அனுப்பியது. 1609-இல் சத்சுமா படை புகுந்தபின் ஜப்பானுக்கும் அடங்கி, இரு எசமானர்களுக்கு நடுவே காலம் தள்ளியது. 1879-இல் ஜப்பான் அதை முற்றாக விழுங்கியது. திறைக் கப்பல்கள் சென்று சேரும் துறை ஃபூஜியன் மாநிலத்தின் ஃபூஜோ நகரம். அங்கே ரியூக்கியூக்காரர்கள் தங்குவதற்கென்றே ஒரு விடுதி இருந்தது. இந்தப் பக்கம் நஹா துறைமுகத்தை ஒட்டி குமே என்னும் குடியிருப்பு. உள்ளூர் வழக்கில் குனிந்தா. சீனத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான துபாஷிகளும் கப்பல் அலுவலர்களும் கல்விமான்களும் வாழ்ந்த இடம் அது. புதுச்சேரித் துபாஷிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த வகை மனிதர்களைப் புரிந்துகொள்வது எளிது: இரண்டு மொழி, இரண்டு அரசு, இரண்டு பக்கமும் உறவு.

ஹிகாவோன்னா கான்ரியோ 1853-இல் நஹாவில் பிறந்தார். அவருடைய தந்தை கெராமா தீவுகளிலிருந்து விறகு ஏற்றிவந்து விற்றவர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. இளைஞராக ஃபூஜோவுக்குச் சென்று, ரியூ ரியூ கோ என்பவரிடம் கற்றுத் திரும்பினார். எத்தனை ஆண்டுகள் அங்கே இருந்தார் என்று கேட்டால், பதினைந்து என்பாரும் உண்டு, மூன்று என்பாரும் உண்டு. எந்தக் கிளையைச் சேர்ந்தவரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ஆண்டுக்கணக்கு நீண்டு சுருங்குவதை நான் கவனித்திருக்கிறேன்.

ரியூ ரியூ கோ என்பவர், கூவும் கொக்குக் குத்து முறையை நிறுவிய ஷியே ஜோங்சியாங் தான் என்று ஒகினாவா ஆசிரியரான டோகாஷிகி இகென் முன்வைத்தார். ஷியேயின் செல்லப்பெயர் ரூ ரூ; ஒலி பொருந்துகிறது. ஆனால் ஷியே பிறந்தது 1852. மாணவனைவிட ஒரே ஒரு வயது மூத்த குரு! நடக்காததில்லை, என்றாலும் இருபத்திரண்டு வயதுக்காரனிடம் இருபத்தொரு வயதுக்காரன் அடங்கிக் கற்றதைத்தான் நாம் வெண்தாடி வைத்து வரைந்திருக்கிறோம் என்றாகும். இன்னொரு முடிச்சும் உண்டு. நஹாவின் நகாயிமா குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள்ளேயே காத்துவந்த ரியூயெய்ரியூ முறையும், தன் முன்னோர் ரு ரு கோ என்பவரிடமே கற்றதாகச் சொல்கிறது. அந்தக் குடும்ப வழக்கின்படி அது நடந்தது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். அப்போது ஷியே பிறக்கவே இல்லை. ஒன்று, இருவரும் வேறு வேறு ஆட்கள். அல்லது இரு வழக்குகளில் ஒன்று ஆண்டுக் கணக்கில் வழுக்கியிருக்கிறது.

ஜூன் 15

நேற்றைய குறிப்போடு சேர்க்க மறந்தது. 'கோ' என்பது பெயரின் பகுதியே அன்று. அண்ணன் என்னும் பொருளுள்ள சீனச் சொல்லாகவே பலர் அதைக் கொள்கிறார்கள். அதாவது நம் சுவரில் மாலையோடு வீற்றிருப்பவர் 'ரூ ரூ அண்ணன்'. மதுரையில் ஒருவர் 'சின்னண்ணன்' என்பவரிடம் சிலம்பம் கற்றுக் கப்பலேறி, நூறு ஆண்டுகள் கழித்து அயல்நாட்டு ஆய்வாளர்கள் மதுரையில் வந்து இறங்கிச் சின்னண்ணன் யார் என்று வீடுவீடாகக் கேட்டால் என்ன நடக்குமோ, அதுவே ஃபூஜோவில் நடந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 19

'பெயரில் குழப்பம் இருக்கலாம், ஆனால் கலையை ஒகினாவாவுக்குக் கொண்டுவந்தவர் ஹிகாவோன்னாதானே' என்று கேள்வி கேட்டவர் பிடித்த பிடியை விடாமல் நிற்கிறார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன். என் நம்பிக்கையை அசைத்தவை இரண்டு.

முதலாவது, ஒரு நிகழ்ச்சிநிரல். ரியூக்கியூவின் கடைசி மன்னருக்கு முடிசூட்டுப் பட்டயம் வழங்கச் சீனத் தூதர்கள் 1866-இல் வந்தார்கள். அது நல்லபடியாக முடிந்ததைக் கொண்டாட 1867-இல் தலைநகரான சூரியில் அரசரின் தேநீர் மாளிகையில் குமே மக்கள் கலைநிகழ்ச்சி நடத்தினார்கள். அந்த நிரல் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் கேடய வித்தை, கோல் வித்தை முதலியவற்றுக்கிடையே, துபாஷி அரகாகி 'பதின்மூன்று' என்னும் ஆட்டத்தைச் செய்தார் என்றும், தோமிமுரா என்பவர் 'நூற்றெட்டு' என்னும் ஆட்டத்தைச் செய்தார் என்றும் இருக்கிறது. பதின்மூன்று என்பது சேசான். நூற்றெட்டு என்பது சூபாரின்பெய். கோஜூரியூவில் பயில்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: நம் பாடத்திட்டத்தின் கடைசிப் படியில் இருக்கும் இரண்டு கட்டாக்கள் (வரிசைப்படுத்திய பயிற்சி ஆட்டங்கள்) அவை. அன்று ஹிகாவோன்னாவுக்கு வயது பதினான்கு. அவர் அப்போது கப்பலில் ஏறியிருக்கவும் மாட்டார், ஏறியிருந்தாலும் கற்றுத் திரும்பியிருக்க முடியாது. அந்தத் துபாஷி அரகாகி செய்ஷோவிடமே ஹிகாவோன்னா முதலில் கற்றதாகவும் ஒரு வழக்கு இருக்கிறது. ஆனால் நம் சுவர்ப்படத்தில் அரகாகிக்கு ஓர் ஓரம்கூட ஒதுக்கப்படவில்லை.

இரண்டாவது சான்றைத் தந்தவர், ஹிகாவோன்னாவின் மாணவரும் கோஜூரியூவின் நிறுவனருமான மியாகியே. 1934-இல் கராத்தேயின் பொது அறிமுகமாக அவர் எழுதிய கட்டுரையில், கராத்தே ஒகினாவாவுக்கு வந்த விதம் பற்றி உலவிய கருத்துகளை எடுத்துச் சொல்லி, உறுதியான சான்று எதற்கும் இல்லை என்கிறார். பிறகு தம் முறையைப் பற்றிச் சொல்லும்போது, நம் முன்னோர் 1828-இல் சீனத்தின் ஃபூஜியன் முறை ஒன்றைப் பெற்று அதைத் தொடர்ந்து ஆய்ந்து வளர்த்தார்கள் என்கிறார். 1828! ஹிகாவோன்னா பிறப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்பு. நிறுவனரே தம் ஆசிரியரின் பிறப்புக்கு முன்னால் கொண்டுபோய் வைத்த தொடக்கத்தை, அவருக்குப் பின்வந்த நாம் ஆசிரியரின் கப்பல் பயணத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

ஹிகாவோன்னாவைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கம் அன்று. பல இழைகள் வந்து இறுகிய முடிச்சு அவர். ஆனால் ஊற்று அவர் அல்லர். ஊற்று குமே என்னும் ஊரும் ஃபூஜோவுக்குப் போய்வந்த கப்பல்களும்.

ஜூன் 21

கட்டாக்களின் கணக்கு. நீண்ட குறிப்பு; அவசரமாக இருப்பவர்கள் கடந்து செல்லலாம்.

கோஜூரியூவில் பன்னிரண்டு கட்டாக்கள்: கெகிசாய் ஒன்று, கெகிசாய் இரண்டு, சைஃபா, சேயுன்சின், ஷிசோசின், சான்சேரு, சேபாய், குருருன்ஃபா, சேசான், சூபாரின்பெய், இவற்றோடு மூச்சுக்கான சான்சினும் டென்ஷோவும். இரண்டு கெகிசாயும் மியாகி 1940-இல் மாணவர்களுக்காக அமைத்தவை. டென்ஷோவும் அவர் ஆக்கம். மீதி ஒன்பதும் ஹிகாவோன்னா ஃபூஜோவிலிருந்து கொண்டுவந்தவை என்றுதான் கிரேடிங்கில், அதாவது பெல்ட் தேர்வில், வாய்மொழிக் கேள்வி கேட்டால் நாம் பதில் சொல்கிறோம். நானும் சொல்லி, பாராட்டும் பெற்றிருக்கிறேன்.

இப்போது கியோடா ஜுஹாட்சுவைப் பாருங்கள். 1887-இல் பிறந்தவர், மியாகியைவிடச் சில மாதங்கள் மூத்தவர், மியாகிக்குச் சற்று முன்பே ஹிகாவோன்னாவிடம் சேர்ந்தவர், ஆசிரியர் 1915-இல் மறையும்வரை உடன் இருந்தவர். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் தோவோன்ரியூ: ஹிகாவோன்னா என்னும் குடும்பப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைச் சீன ஒலிப்பில் படித்தால் 'தோவோன்'. ஆசிரியரின் பெயரையே முறைக்கு வைத்தவர், ஆசிரியர் தந்ததில் எதையும் கைவிட்டிருப்பார் என்று நினைக்கத் தோன்றவில்லை. அவர் ஹிகாவோன்னாவிடம் கற்றதாகக் காத்தவை நான்கு: சான்சின், சேசான், சான்சேரு, பெச்சூரின். பெச்சூரின் என்பது சூபாரின்பெய்யின் மறுபெயர். சைஃபா இல்லை. சேயுன்சின் இல்லை. ஷிசோசின், சேபாய், குருருன்ஃபா ஒன்றும் இல்லை.

அப்படியானால் இந்த ஐந்தும் எங்கிருந்து வந்தன? ஆள் பார்த்துக் கற்பித்தார், மியாகிக்குக் கொடுத்ததைக் கியோடாவுக்குக் கொடுக்கவில்லை என்பது ஒரு பதில். பழைய ஆசிரியர்கள் உடல்வாகு பார்த்துத்தான் கட்டா கொடுத்தார்கள் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பதின்மூன்று ஆண்டுகள் உடனிருந்த மூத்த மாணவருக்கு ஐந்தில் ஒன்றுகூடவா பொருந்தாமல் போயிற்று? மபுனி கென்வாவும் ஹிகாவோன்னாவிடம் கற்றவர், அவருடைய ஷிதோரியூவிலும் இந்த ஐந்தும் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். அதற்கு என் தயக்கம் இது: மபுனியும் மியாகியும் நெருங்கிய நண்பர்கள், 1920-களில் நஹாவில் ஒரே பயிற்சி மன்றத்தில் சேர்ந்து பயின்றவர்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மியாகி ஆசிரியர் மறைந்த பிறகு தாமே ஃபூஜோ சென்று தேடியவர். நஹாவில் தேயிலை வணிகம் செய்த கோ கென்கி என்னும் வெண்கொக்கு முறை ஆசிரியரோடு நெடுநாள் பழகியவர். கிடைத்த இடத்திலெல்லாம் சேகரித்தவர் அவர் என்பதே என் எண்ணம்.

இதனால் அந்த ஐந்து கட்டாக்களின் மதிப்பு குறைந்துவிடவில்லை. எனக்குப் பிடித்தது இன்றும் சேபாய்தான்.

ஜூன் 22

இரண்டு திருத்தங்கள். தோவோன்ரியூவில் நான்கே கட்டாக்கள் என்று நான் எழுதியதாக ஒருவர் படித்திருக்கிறார். ஹிகாவோன்னா வழியாக வந்தவை மட்டுமே நான்கு. ஜியோனும் நெபாயும் அந்த முறையில் உண்டு, நெபாய் கோ கென்கி தந்தது. அடுத்து, 'பதின்மூன்று ஆண்டுகள்' என்பது சேர்ந்த ஆண்டை 1902 என்று கொண்டு நான் போட்ட கணக்கு; இடையில் எல்லா நாளும் வகுப்புக்கு வந்திருப்பார் என்று நான் உறுதி தரவில்லை. நம் டோஜோ வருகைப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஜூன் 28

சான்சினைப் பற்றித் தனியாக.

நான் கற்றது இறுக்கிய கைமுட்டியோடு செய்யும் சான்சின். மூன்று அடி முன்னே, ஒவ்வோர் அடியிலும் பாதம் பிறை வடிவில் உள்ளே வளைந்து வெளியே செல்ல வேண்டும். மூச்சு அடிவயிற்றிலிருந்து உரசிக்கொண்டு வெளியேற வேண்டும். மாஸ்டர் பின்னால் நின்று இரு உள்ளங்கைகளாலும் தோள்பட்டையில் அறைவார். அறையும் ஒலி அடுத்த தெருவரை கேட்கும் என்று அம்மா சொல்வார். மூன்றாம் ஆண்டில் என் தோளில் அறைந்துவிட்டு அவர் சொன்னது, 'நீ தாங்குகிறாய், நிற்கவில்லை.' அதன் பொருள் விளங்க எனக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின. தோளை உயர்த்தி இறுக்கினால் அடியைத் தாங்கலாம். அக்குளுக்குக் கீழுள்ள தசையைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டால் அடி காலுக்கு இறங்கிவிடும், தாங்க ஒன்றும் இருக்காது.

ஹிகாவோன்னா முதலில் கற்பித்த சான்சின் விரித்த கையோடு செய்யப்பட்டது என்றும், பின்னாளில்தான் முட்டியாயிற்று என்றும் கியோடா சொன்னதாக அவர் வழியினர் கூறுகிறார்கள். இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. பிறகு ஒருவர் உயேச்சிரியூ என்னும் வேறொரு ஒகினாவா முறையின் சான்சினைச் செய்து காட்டினார். உயேச்சி கான்பூன் 1897-இல் அதே ஃபூஜோவுக்குச் சென்று, ஷு ஷிவா என்பவரிடம் கற்று வந்தவர். ஹிகாவோன்னாவோடு அவருக்குத் தொடர்பில்லை. அவர் கொண்டுவந்தவை சான்சின், சேசான், சான்சேரு என்னும் மூன்றே. அவருடைய சான்சின் விரித்த கை. ஃபூஜியனின் கொக்கு முறைகளிலும் அடிப்படை ஆட்டத்தின் பெயர் இதே 'மூன்று போர்'. ஒரே ஊருக்குச் சென்ற இருவர் ஒரே பெயருள்ள ஆட்டத்தைத் தனித்தனியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றால், அது ஒரு குருவின் மறைபொருளாக இருந்திருக்க முடியாது. அந்த வட்டாரத்தில் குத்து கற்கும் எவரும் முதலில் கற்கும் அரிச்சுவடியாகவே இருந்திருக்கும்.

1905 முதல் நஹாவில் பள்ளி மாணவர்களுக்கு ஹிகாவோன்னா கற்பித்தார். விரல் நுனியால் குத்தும் முறையை வகுப்பில் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்குப் பதில் முட்டியாக்கினார் என்று விளக்குபவர்கள் உண்டு. பொருத்தமான விளக்கமாகவே எனக்குப் படுகிறது. மியாகி அதன்மேல் இன்னொரு மாற்றம் செய்தார்: திரும்புதலே இல்லாமல் முன்னும் பின்னுமாக மட்டும் செல்லும் குறுகிய சான்சின். நாம் 'ஆயிரமாண்டு மாறாதது' என்று சொல்லிச் செய்யும் கட்டா, மாணவர், ஆசிரியர் என்னும் இரண்டே தலைமுறையில் இரண்டு முறை மாறியிருக்கிறது.

சான்சினோடு சேர்ந்த நிகிரிகாமே பற்றியும் கேட்டிருந்தார்கள். விளிம்பை விரல்களால் கவ்வித் தூக்கி நடக்கும் ஜாடி அது. மியாகியின் போருக்குப் பிந்தைய முற்றத்து டோஜோ இருந்த சுபோயா, நஹாவின் குயவர் பகுதி. ஜாடிக்குப் பஞ்சம் இருந்திருக்காது. எனக்குக் கிடைத்தவை பாட்டியின் ஊறுகாய் ஜாடிகள் இரண்டு, பழுப்பும் வெள்ளையுமான பீங்கான். மணலை நிரப்பி மாடியில் ஒரு வாரம் நடந்தேன். எட்டாம் நாள் ஒன்று நழுவிற்று. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை; அந்த ஆண்டு மாவடு மட்டும் போடவில்லை.

ஜூலை 5

பெயர். இந்த இழையில் முதலிலேயே வந்திருக்க வேண்டியது. நான்தான் காலம் கடத்திவிட்டேன்.

ஹிகாவோன்னா வாழ்ந்த காலத்தில் கோஜூரியூ என்ற பெயரே கிடையாது. 1930-இல் டோக்கியோவில் நடந்த ஒரு புடோ (போர்க்கலை) விழாவுக்கு மியாகி தம் மூத்த மாணவர் ஷின்சாதோ ஜினானை அனுப்பினார். அங்கே ஒருவர் அவரிடம், நீங்கள் எந்த முறையைச் சேர்ந்தவர் என்று கேட்டார். ஜப்பானியப் பெருநிலத்தில் வாள்கலைக்கும் ஜுஜுட்சுவுக்கும் முறைப்பெயர் இல்லாமல் எவரும் மேடையேறுவதில்லை. ஒகினாவாவிலோ அது வெறும் 'டி', அதாவது கை. பெயரில்லை என்று சொல்லக் கூசிய ஷின்சாதோ ஏதோ ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்து, ஊர் திரும்பி ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னார். மியாகி, ஒகினாவாவில் கையெழுத்துப் படிகளாக உலவிய புபிஷி என்னும் சீன நூலின் 'எட்டு வரிகள்' பகுதியிலிருந்து ஒன்றை எடுத்தார். அந்த எட்டில் சில: மனித மனம் வானும் மண்ணும் போன்றது, குருதியோட்டம் ஞாயிறும் திங்களும் போன்றது, முறை என்பது வன்மையும் மென்மையும், விழுங்குவதும் உமிழ்வதும், கை வெறுமையைச் சந்தித்தால் உள்ளே நுழையும். மூன்றாவதிலுள்ள வன்மை 'கோ', மென்மை 'ஜூ'. 1933-இல் ஜப்பானியப் போர்க்கலைப் பேரவையான புடோகுகாயில் இந்தப் பெயர் பதிவாயிற்று.

பதிவு என்றால் படிவம். படிவம் என்றால் நிறுவனர், ஆசிரியர், வழி என்று கட்டங்கள். கேட்ட கட்டத்தை நிரப்பும்போது எந்த மனிதனும் ஊர்க்கதையை எழுத மாட்டான், ஒரு பெயரை எழுதுவான். நம் சுவர்ப்படம் இந்தக் கட்டங்களின் பேரக்குழந்தை என்பதே இந்த இழையில் நான் சொல்ல வந்தது. அதே காலத்தில் 'சீனக் கை' என்று எழுதிய கராத்தேயை 'வெறுங்கை' என்று மாற்றி எழுதும் போக்கும் வலுத்தது. 1936 அக்டோபர் 25-இல் நஹாவில் ஆசிரியர்கள் கூடி அதைப் பேசியபோது மியாகியும் அங்கே இருந்தார். பெயரிலிருந்து சீனத்தை எடுத்துவிட்டு வரைபடத்தில் சீனத்தைப் பெரிதாகத் தீட்டியவர்கள் நாம்.

ஜூலை 6

நேற்று புபிஷியைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. அந்த நூலில் வெண்கொக்கு முறையைத் தோற்றுவித்தவராக வருபவர் ஒரு பெண், ஃபாங் சினியாங். தாக்க வந்த கொக்கைக் கோலால் அடிக்க முயன்று தோற்று, அதனிடமிருந்தே கற்றார் என்பது கதை. கதைதான். ஆனால் கதை என்ற தகுதியில் போதிதர்மருக்கு உச்சியில் இடம் கொடுத்த எந்த டோஜோவும் இவருக்கு இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 19

மியாகிக்குப் பிறகு யார் உண்மையான வாரிசு என்று நான்கு பேர் நான்கு பெயர்களோடு மோதிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்து வரவேண்டியவர் என்று பலரும் கருதிய ஷின்சாதோ 1945-இல் ஒகினாவாப் போரில் இறந்தார். மியாகி தம் பிள்ளைகளில் சிலரையும், சேர்த்து வைத்த குறிப்புகளையும் அந்தப் போரில் இழந்தார். 1953 அக்டோபர் 8-இல் அவர் மறைந்தபோது எழுதி வைத்த உயில் போன்ற ஒன்று கலைக்கு இருக்கவில்லை. பிறகு நடந்தது நம் ஊர்ப் பாகப்பிரிவினைதான். பயிற்சிக் கருவிகள் மியாசாதோ எய்யிச்சியிடம் சென்றன. அவர் 1957-இல் ஜுன்டோகான் என்னும் டோஜோவைக் கட்டினார். மியாகியின் பயிற்சி உடையையும் பெல்ட்டையும் குடும்பத்தார் 1963-இல் மெய்புகான் டோஜோவின் யாகி மெய்டோகுவிடம் கொடுத்தார்கள். டோகுச்சி செய்கிச்சி ஷோரெய்கானை நடத்தினார். ஹிகாவோன்னாவிடமே கற்கத் தொடங்கிய ஹிகா செய்கோ தனி வழி. பெருநிலத்தில் யாமாகுச்சி கோகென் 1950-இல் கோஜூகாயை அமைத்து, தன்னிச்சைச் சண்டைப் பயிற்சியைப் பெரிதாக வளர்த்தார். கருவி ஒருவரிடம், உடை ஒருவரிடம், கூட்டம் ஒருவரிடம் என்றால் கலை யாரிடம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒரு பெயர்க் குழப்பம். ஐஓஜிகேஎஃப் என்னும் பன்னாட்டுக் கோஜூரியூ அமைப்பை 1979-இல் தொடங்கிய ஹிகாவோன்னா மொரியோவைக் கான்ரியோவின் பேரன் என்றும், அவருக்குக் கற்பித்த மியாகி அன்யிச்சியைச் சோஜுனின் மகன் என்றும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அன்யிச்சி மகன் அல்லர், மாணவர். மொரியோவை இந்த வழியில் இணைப்பதும் பயிற்சிதான். மியாகி என்பது ஒகினாவாவில் நம் ஊர் முருகன் அளவுக்குப் பரவிய பெயர். பெயரை வைத்து உறவு கட்டத் தொடங்கினால் தீவே ஒரு குடும்பமாகிவிடும்.

ஆகஸ்ட் 3

நஹாவுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு: ஒருமுறை, நான்கு நாள். மட்சுயாமா பூங்காவில் ஹிகாவோன்னாவுக்கும் மியாகிக்கும் 1987-இல் எழுப்பிய நினைவுச்சின்னம் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன். முன்னால் நின்று வணங்கினேன், படம் எடுத்தேன், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மழை தூறியதால் ஒதுங்க இடம் தேடிப் பக்கத்தில் நுழைந்தேன். அது ஃபுகுஷுயென், ஃபூஜோவின் பெயரையே தாங்கிய சீனத் தோட்டம், இரு நகரங்களின் நட்புக்காக 1992-இல் திறந்தது, கல்லும் மரமும் ஃபூஜோவிலிருந்து வந்தவை. தோட்டம் இருப்பது குமேயில். சற்றுத் தள்ளிக் கன்பூசியஸ் கோயில். துபாஷிகள் வாழ்ந்த அந்தப் பழைய ஊரின் மேல்தான் நான் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். நினைவுச்சின்னத்தில் இரண்டு பெயர்கள். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் பெயர் தெரியாத எத்தனை பேர் ஃபூஜோவுக்குப் போய்வந்து முற்றத்தில் சேசான் செய்தார்களோ! ஜூன் 19 குறிப்பின் கருத்து எனக்குப் புத்தகத்தில் தோன்றியதன்று, அந்த மழையில் தோன்றியது.

ஆகஸ்ட் 9

கேள்வி கேட்டவர் தம் மாஸ்டரிடம் இந்த இழையைக் காட்டியதாகவும், அவர் படத்தைப் புதிதாக அச்சிடச் சம்மதித்ததாகவும், போதிதர்மரை மட்டும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். இருக்கட்டும், தனிச் சட்டத்தில், கோடு இழுக்காமல் மாட்டுங்கள். ரூ ரூ அண்ணனுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வேண்டாம், வெண்தாடியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஹிகாவோன்னாவுக்கு மேலே அரகாகி செய்ஷோவுக்கு ஒரு கட்டம், மியாகிக்குப் பக்கத்தில், அவருக்குச் சமமான உயரத்தில், கியோடாவுக்கு ஒரு கட்டம். நீங்கள் அனுப்பிய மாதிரிப் படத்தில் மியாகி மறைந்த ஆண்டு 1954 என்று இருக்கிறது. அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் அதை 1953 ஆக்குங்கள்; பழைய படத்திலும் அதே பிழை இருந்தது, பதினெட்டு ஆண்டுகள் அதன் முன் மண்டியிட்ட நானே இப்போதுதான் கவனிக்கிறேன்.